கான்னரா, ஹப்பர்டா, இல்ல புதுப் பையனா? 2025 ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்ட்ல என் முடிவு

இது 2025 சீசனுக்கு முன்னாடி எழுதறது. வர்ற ஞாயித்துக்கிழமை, ஆகஸ்ட் 31 ராத்திரி எங்க ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் டிராஃப்ட், அதாவது நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை முறை வச்சு எடுத்து டீம் கட்டி, அவங்க ஆடறதுக்குப் பாயிண்ட் போட்டுக்கற விளையாட்டு. சனிக்கிழமை நடுராத்திரிக்குள்ள கீப்பர், அதாவது போன வருஷ டீம்லேருந்து வச்சுக்கற ஆளு, யாருன்னு சொல்லிடணும். ஒரு வாரமா சாப்பிடும்போதும் இதே நெனப்பு, படுக்கும்போதும் இதே நெனப்பு. கையில ஜேம்ஸ் கான்னர் இருக்காரு, சூபா ஹப்பர்ட் இருக்காரு, ரெண்டு பேருமே ரன்னிங் பேக், ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும். கணக்கு ஒரு பக்கம் இழுக்குது, மனசு ஒரு பக்கம் இழுக்குது. 2025 சீசனுக்கு கான்னர் பேரைப் பாத்ததும் "முப்பது வயசாச்சே"ன்னு கை தயங்கற ஆளுங்க இன்னும் நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்கும் சேத்துதான் என் கணக்கை முழுசா எழுதறேன்.

புதுசா ஆடறவங்களுக்கு கொஞ்சம் விளக்கம். ட்ரீம்11 ஆடிருப்பீங்க, அதுல ஒரே ஆளை லட்சம் பேர் எடுக்கலாம். இங்க அப்படி இல்ல, எங்க லீக்ல 12 பேர், ஒரு ஆளை ஒருத்தர் எடுத்துட்டா சீசன் முழுக்க அவருக்குத்தான், மத்த 11 பேரும் பாத்துட்டே இருக்க வேண்டியதுதான். ஸ்நேக் டிராஃப்ட், முதல் ரவுண்ட் 1லேருந்து 12 வரைக்கும் போகும், அடுத்த ரவுண்ட் 12லேருந்து திரும்பி வரும். ஃபுல் பிபிஆர், அதாவது பத்து யார்டுக்கு ஒரு பாயிண்ட், பந்தோட எதிர் டீம் கோட்டைத் தாண்டற டச்டவுனுக்கு ஆறு, ஒவ்வொரு கேட்சுக்கும் ஒண்ணு. ரன்னிங் பேக்னா, ஆட்டத்தை நடத்தி பந்தை எறியற குவாட்டர்பேக் கையிலேருந்து பந்தை வாங்கிட்டு எதிர் டீம் கூட்டத்துக்குள்ள புகுந்து ஓடறவரு. நம்ம கபடில பிடிச்ச ரெண்டு மூணு பேரையும் சேத்து இழுத்துட்டு வந்து நடுக்கோட்டைத் தொடுவாரே ஒரு ரைடர், அந்த வேலை, ஆனா ஒரு மேட்சுல இருபது தடவை. உடம்பு சீக்கிரம் தேஞ்சிடும், அதனாலதான் 27, 28 வயசு தாண்டினாலே டிராஃப்ட்ல விலை இறங்க ஆரம்பிச்சிடும். விலைன்னு நான் சொல்றது அந்த ஆளை எடுக்க செலவாகற ரவுண்டைத்தான், காசு இல்ல.

எங்க கீப்பர் ரூல் இதுதான்: போன வருஷம் எடுத்த ரவுண்டுக்கு ஒரு ரவுண்ட் முன்னாடி இருக்கற பிக்கை, அதாவது ஆள் எடுக்கற வாய்ப்பை, விட்டுக் குடுத்தா அந்த ஆளை வச்சுக்கலாம். கான்னரை போன வருஷம் 6வது ரவுண்ட்ல எடுத்தேன், இப்ப வச்சுக்கணும்னா 5வது ரவுண்ட் போகும். ஹப்பர்டை 10ல எடுத்தேன், இப்ப 9 போகும். எடுக்கற வரிசைல எனக்கு வந்திருக்கற இடம், அதாவது ஸ்லாட், 4. ஆக கான்னர்னா 52வது பிக்கை இழக்கறேன், ஹப்பர்ட்னா 100வது பிக்கை இழக்கறேன்.

கணக்கு மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு நிமிஷ வேலை. எனக்கு ஒரு வாரம் ஆகுதுன்னா அதுக்குக் காரணம் இருக்கு.

2014 ஆகஸ்ட்ல நான் பிட்ஸ்பர்க் வந்தேன், பிட் யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ். அமெரிக்கன் ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது, நாலு முயற்சில, அதாவது நாலு டவுன்ல, பத்து யார்டுன்னு ரூம்மேட் டிஷ்யூ பேப்பர்ல படம் போட்டு சொல்லிக் குடுத்தான். ஸ்டூடண்ட் டிக்கெட்ல ஹைன்ஸ் ஃபீல்டுக்குப் போனா 24ம் நம்பர் போட்ட ஒரு ஆளு, பந்தைக் குடுத்ததும் வளைஞ்சு ஒதுங்கி ஓடாம நேரா எதுக்க நிக்கறவன் நெஞ்சுல போய் மோதறாரு. ஆறடி ஒரு அங்குலம், நூறு கிலோவுக்கு மேல. அந்த ஒரு சீசன்ல 1,765 யார்டு, 26 டச்டவுன், ஏசிசிங்கற கல்லூரி டீமுங்க கான்ஃபரன்ஸோட சிறந்த வீரர். ரூல்ஸ் எனக்குப் புரிஞ்சதே அவரு ஓடறதைப் பாத்துதான்.

அடுத்த வருஷம் முதல் மேட்ச்லயே முட்டில அடி, சீசன் காலி. அதோட விடல, டிசம்பர்ல அவரே சொன்னாரு, ஹாட்ஜ்கின் லிம்போமா, புற்றுநோய். அப்ப அவருக்கு 20 வயசு. கேம்பஸ்ல நாங்க யாரும் அதைப் பத்தி ஒழுங்கா பேசக்கூட இல்ல, ஃபோர்ப்ஸ் அவென்யூ பஸ் ஸ்டாப்ல அன்னிக்கு எல்லாரும் போனையே பாத்துட்டு நின்னது ஞாபகம் இருக்கு. கீமோ 12 தடவை. அது நடக்கும்போதே மூஞ்சில மாஸ்க் கட்டிட்டு டீமோட பிராக்டிஸ்ல வந்து ஓடினாரு. 2016 மே மாசம் நோய் போயிடுச்சுன்னு டாக்டருங்க சொன்னாங்க, செப்டம்பர் 3 வில்லனோவா மேட்ச்ல திரும்ப இறங்கினாரு. நான் படிப்பு முடிச்சு வேலைக்கு சேந்து ரெண்டு மாசம், சொந்தக் காசுல டிக்கெட் வாங்கி மேல் அடுக்குல உக்காந்திருந்தேன். டச்டவுன் போட்டதும் என் பக்கத்துல இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, யாருன்னே தெரியாது, நானும் அழுதேன். அந்த நவம்பர்லதான் க்ளெம்சன் ஊர்லயே போய் 43-42ன்னு ஜெயிச்சாங்க, அந்த வருஷம் சாம்பியன் ஆன க்ளெம்சன் தோத்தது அந்த ஒரு மேட்ச்தான், அதுல கான்னர் 132 யார்டு. கல்லூரி ஆட்டத்தை 52 ரன்னிங் டச்டவுனோட முடிச்சாரு, அப்ப அது ஏசிசி ரெக்கார்டு.

அதுக்கப்புறம் இந்த ஆளை நான் எப்படி விடுவேன் சொல்லுங்க.

ஆனா இது ஒப்பீடு, பாசத்தை மட்டும் எழுதினா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. ஒன்பது வருஷமா நான் கவனிச்ச ஒரு விஷயத்தை சொல்றேன், இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். கான்னரை விலை கம்மியா எடுத்த வருஷமெல்லாம் அவரு என்னைத் தூக்கி விட்டிருக்காரு, விலை ஏறினப்ப எடுத்த வருஷமெல்லாம் கையைச் சுட்டிருக்கு. ஆளு மாறல, அவரு ஓடற விதமும் மாறல, நான் குடுத்த விலைதான் மாறிச்சு.

2018ல பாருங்க. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை 2017ல என்எஃப்எல், அதாவது தொழில்முறை லீக்கோட நிஜ டிராஃப்ட்ல மூணாவது ரவுண்ட்ல, 105வது ஆளா எடுத்து வச்சிருந்தாங்க. அவங்க முதல் ரன்னிங் பேக் லெவியான் பெல் சம்பளப் பிரச்சனைல வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு, வந்துடுவாரு வந்துடுவாருன்னு எல்லாரும் காத்துட்டு இருந்தப்ப நான் கடைசி ரவுண்டுல கான்னரை எடுத்தேன். முதல் மேட்ச் க்ளீவ்லேண்ட்ல 31 தடவை ஓடி 135 யார்டு, 2 டச்டவுன். பெல் அந்த வருஷம் வரவே இல்ல. கான்னர் 13 மேட்ச்ல 973 யார்டு, 12 ரன்னிங் டச்டவுன், 55 கேட்ச், சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கும் தேர்வானாரு. சும்மா கிடைச்ச ஆளு லீக்கையே புரட்டிப் போட்டாரு. அடுத்த வருஷம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, நான் முதல் ரவுண்ட் கடைசில எடுக்க வேண்டியதாச்சு, 10 மேட்ச், 464 யார்டு, அவ்வளவுதான். 2020ல எனக்கு முன்னாடியே வேற ஒருத்தர் தூக்கிட்டாரு. 2021ல ஸ்டீலர்ஸ் விட்டுட்டாங்க, அரிசோனா கார்டினல்ஸ் ஒரு வருஷ ஒப்பந்தத்துல கூட்டிட்டுப் போச்சு, சேஸ் எட்மண்ட்ஸுக்கு ரெண்டாவது ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் 8வது ரவுண்ட்ல எடுத்தேன். மொத்தம் 18 டச்டவுன்! நவம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோ மேட்ச்ல குவாட்டர்பேக் கைலர் மர்ரே இல்ல, எட்மண்ட்ஸ் ஆரம்பத்துலயே காயம், கான்னர் ஒத்தையா நின்னு ஓடியும் கேட்ச் பிடிச்சும் 173 யார்டு, 3 டச்டவுன், எனக்கு அந்த ஒரே மேட்ச்ல 40 பாயிண்ட். மறுபடி 2022ல விலை ஏறி ரெண்டாவது ரவுண்ட் ஆச்சு, 13 மேட்ச், 782 யார்டு. மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டாவது ரவுண்ட் காசுக்கு அது பத்தாது. திரும்ப விலை இறங்கின 2023ல 1,040 யார்டு, ஓட்டத்துக்கு சராசரி 5 யார்டு, அவரு என்எஃப்எல் வாழ்க்கைல முதல் ஆயிரம். அந்த வருஷம் டிசம்பர் 31 ஃபைனல் வாரம், பிலடெல்ஃபியால போய் 128 யார்டு, ஒரு கேட்ச் டச்டவுன், கடைசி நிமிஷத்துல கோட்டுக்கிட்டேருந்து உள்ள புகுந்து ஜெயிக்க வச்ச டச்டவுன். எங்க லீக் கோப்பை அந்த ராத்திரிதான் என் வீட்டுக்கு வந்துச்சு. 2024ல 16 மேட்ச், 1,094 யார்டு, 8 ரன்னிங் டச்டவுன், 47 கேட்சுல 414 யார்டு, பிபிஆர்ல கூட்டினா 250 பாயிண்ட் பக்கம். இதை நான் 6வது ரவுண்ட்ல வாங்கினேன்.

அதனால கான்னர் விசுவாசிங்க கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான், அவரை மத்தவங்க குறைச்சு மதிப்பிடறதுக்குக் கோவப்படாதீங்க. நமக்கு அவரு கிடைக்கறதே அதனாலதான்.

எதிர்க்கட்சி வாதமும் நியாயமானதுதான். மே மாசம் 30 வயசு முடிஞ்சுது. எட்டு வருஷத்துல ஒரு சீசன் கூட முழுசா ஆடினதில்ல, வருசையா 14, 13, 10, 13, 15, 13, 13, 16. முட்டி, கணுக்கால், தோள்பட்டைன்னு மாறி மாறி. 2018ல டிசம்பர் 2 சார்ஜர்ஸ் மேட்ச்ல கணுக்கால் போச்சு, சின்னதுதான்னு சொன்னாங்க, கரெக்டா எங்க ப்ளேஆஃப் நடந்த மூணு வாரமும் வெளிய உக்காந்துட்டாரு, நான் முதல் சுத்துலயே வெளியேறினேன். அவருக்கு மாற்றா பின்னாடி ட்ரே பென்சன் நிக்கறாரு, 2024ல கார்டினல்ஸ் மூணாவது ரவுண்ட்ல எடுத்த பையன், வேகமா ஓடுவாரு, இந்த வருஷம் அவருக்கு வேலை கொஞ்சம் கூடும்னுதான் நானும் நெனக்கறேன். ஆனா கார்டினல்ஸ் கான்னரை வயசானவரா நடத்தலைங்கறதையும் பாக்கணும், போன நவம்பர்ல ரெண்டு வருஷத்துக்கு 19 மில்லியன் டாலர்னு ஒப்பந்தத்தை நீட்டிச்சாங்க, அதுவும் பென்சனை எடுத்ததுக்கு அப்புறம். முப்பதைத் தாண்டினா முடிஞ்சுதுன்னு சொல்றவங்க போன வருஷம் டெரிக் ஹென்றி முப்பது வயசுல 1,921 யார்டு ஓடினதையும் பாத்தாங்க. ஹென்றி விதிவிலக்குதான், ஒத்துக்கறேன். நான் முதல் ரவுண்ட் காசு குடுத்திருந்தா இந்த வயசு பயம் எனக்கும் வரும், அஞ்சாவது ரவுண்ட் காசுக்கு இந்த பயம் ஏற்கனவே விலையில கழிஞ்சாச்சு.

இப்ப ஹப்பர்ட். இவரும் யாரும் கண்டுக்காத ஆளுதான், அதனாலயே எனக்குப் பிடிக்கும். கனடாக்காரர், கல்லூரில 2019ல நாட்டுலயே அதிகமா 2,094 யார்டு ஓடினவரு, கரோலைனா பேந்தர்ஸ் 2021ல நாலாவது ரவுண்ட்ல எடுத்துச்சு. அவரை வச்சுக்கிட்டே 2023ல மைல்ஸ் சாண்டர்ஸுக்குப் பெரிய காசு குடுத்தாங்க, 2024ல ஜொனாதன் ப்ரூக்ஸை ரெண்டாவது ரவுண்ட்ல எடுத்தாங்க. ரெண்டு தடவையும் கடைசில ஓடினது ஹப்பர்ட்தான். போன வருஷம் 15 மேட்ச், 1,195 யார்டு, 10 ரன்னிங் டச்டவுன், 43 கேட்ச். பாயிண்ட் கணக்குல 245 பக்கம், ஒரு மேட்சுக்குன்னு பிரிச்சா கான்னரை விட கொஞ்சம் கூடத்தான் வருது. வயசு 26. அவருக்கு முன்னாடி நின்னு வழி உண்டாக்கற லைன் நல்லா இருக்கு, ராபர்ட் ஹண்ட், டேமியன் லூயிஸ்னு அந்த லைன்ல கார்டு இடத்துல நிக்கற ரெண்டு பேரையும் போன வருஷம்தான் நல்ல காசு போட்டு வாங்கினாங்க. நாலு வருஷ ஒப்பந்தமும் போட்டாச்சு. குறைன்னு பாத்தா, டல்லாஸ்ல 1,079 யார்டு ஓடின ரிக்கோ டௌடிலை கூட்டிட்டு வந்திருக்காங்க, அவரு நிச்சயமா கொஞ்சம் ஓட்டத்தை எடுத்துக்குவாரு. ஹப்பர்டோட கேட்ச் ஒவ்வொண்ணும் நாலு யார்டுதான் போகுது, கான்னரோடது ஒன்பது யார்டு கிட்ட.

இவங்க ரெண்டு பேரையும் பத்தி பேசணும்னா போன வருஷம் 16வது வாரத்தைப் பேசியே ஆகணும். டிசம்பர் 22, சார்லட்ல கார்டினல்ஸ் பேந்தர்ஸ் மேட்ச், எங்க செமிஃபைனல் வாரம், என் டீம்ல ரெண்டு ரன்னிங் பேக்கும் இந்த ஒரே மேட்ச்ல எதிரெதிரா. கான்னர் 117 யார்டு, ஒரு டச்டவுன், ஓடிட்டே இருந்தவரு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போனாரு. சோஃபாவுல இருந்து எழுந்து நின்னவன் அப்புறம் உக்காரவே இல்ல. மேட்ச் ஓவர்டைமுக்குப் போச்சு, அங்க ஹப்பர்ட் 21 யார்டு ஓடி முடிச்சு வச்சாரு, 36-30, அவருக்கு அன்னிக்கு 152 யார்டு, 2 டச்டவுன். ரெண்டு பேரும் சேந்து 50 பாயிண்டுக்கு மேல குடுத்து என்னை ஃபைனலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆறே நாள்ல ஹப்பர்ட் கெண்டைக்கால் காயம்னு சீசனே முடிஞ்சுதுன்னாங்க. கான்னர் முட்டி வலியோடவே ராம்ஸ் மேட்ச்ல இறங்கினாரு, ஆரம்பத்துலயே வெளிய வந்துட்டாரு. ஃபைனல்ல ரெண்டு இடமும் காலி. தோத்தேன். ஆனா அந்த முட்டியோட இறங்கினாரு பாருங்க, ப்ளேஆஃபுக்கு வாய்ப்பே இல்லாத டீமுக்காக, ஆடலைன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க, அதை நான் மறக்க மாட்டேன்.

மூணாவது வழி, ரெண்டு பேரையும் மறந்துட்டு 52ல வேற ஆளை எடுக்கறது. எங்க லீக்ல அந்த இடத்துல கிடைக்கக் கூடியவங்கன்னு பாத்தா கென்னத் வாக்கர், ட்ரெவியான் ஹெண்டர்சன், டிஆண்ட்ரே ஸ்விஃப்ட். ஸ்விஃப்ட் சீக்கிரம் முடிச்சிடறேன், போன வருஷம் 17 மேட்சும் ஆடி 959 யார்டு, சராசரி நாலு கூட இல்ல, பென் ஜான்சன் கோச்சா வந்திருக்கறதால எல்லாரும் நம்பறாங்க, நல்லா ஆடட்டும், எனக்கு 7வது ரவுண்ட்ல கிடைச்சா பாக்கலாம்.

வாக்கர் சியாட்டல்ல இருக்காரு, திறமைனு மட்டும் பாத்தா இந்த மொத்தக் கூட்டத்துலயும் அவருதான் ஒசத்தி, ரெண்டு கால்ல நின்ன இடத்துல திசை மாத்தறதைப் பாக்கவே அழகு. போன வருஷம் 11 மேட்ச்தான், ஆனா ஆடினப்ப மேட்சுக்கு 16 பாயிண்டுக்கு மேல. பிரச்சனை என்னன்னா அதே டீம்ல இருக்கற சாக் சார்போனே. வாக்கர் இல்லாதப்ப வந்து ஓடினவரு, போன சீசன்ல மொத்தம் 8 ரன்னிங் டச்டவுன் போட்டவரு, அவரை இனி பெஞ்சுல உக்கார வைக்க முடியாது. கான்னர் காயம் படுவாருன்னு பயந்து வாக்கரை எடுக்கறவங்களைப் பாத்தா எனக்குப் புரியவே மாட்டேங்குது, போன வருஷம் அதிக மேட்ச் ஆடினது யாரு, கான்னர்தானே.

ஹெண்டர்சன்தான் இந்த மாசம் எல்லார் வாயிலயும். ஒஹாயோ ஸ்டேட்ல சாம்பியன் டீம்ல இருந்தவரு, நியூ இங்லண்ட் பேட்ரியாட்ஸ் 38வது ஆளா எடுத்தாங்க, சீசனுக்கு முன்னாடி நடக்கற பயிற்சி ஆட்டத்துல, முதல் மேட்ச்லயே முதல் கிக்காஃபை, அதாவது எதிர் டீம் உதைச்சு ஆட்டத்தை ஆரம்பிக்கற பந்தை, நூறு யார்டு திருப்பி ஓடி டச்டவுன் போட்டாரு. அந்த வீடியோவை நானும் பத்து தடவை பாத்திருப்பேன். அன்னிலேருந்து விலை தினமும் ஏறுது. உசரம் எவ்வளவு வேணா போகலாம், நானும் மறுக்கல. ஆனா கிக்காஃப் ஓட்டத்துக்கு எங்க லீக்ல பாயிண்ட் கிடையாது, கோட்டுக்கிட்ட ரெண்டு யார்டு இருக்கும்போது பந்து அதே டீம்ல இருக்கற ரமாண்ட்ரே ஸ்டீவன்சன் கைக்குப் போகுமா இவரு கைக்குப் போகுமான்னு இதுவரைக்கும் நம்ம யாரும் பாக்கல. டைனஸ்டி லீக்ல, அதாவது ஆளுங்களை வருஷக்கணக்கா வச்சுக்கற லீக்ல ஆடறீங்களா, யோசிக்கவே வேண்டாம், ஹெண்டர்சன். 22 வயசு ஆளு முன்னாடி 30 வயசுக்காரரை வச்சுக்கங்கன்னு விசுவாசத்துக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். எங்களுது வருஷா வருஷம் புதுசா ஆடற லீக், ஒரே ஒரு கீப்பர்தான், எனக்கு இந்த டிசம்பர்தான் முக்கியம்.

பை வீக்கையும், அதாவது ஒரு டீமுக்கு மேட்ச் இல்லாத வாரத்தையும் பாத்துக்கங்க, நிறைய பேர் இதைக் கடைசில பாத்துட்டு தலையில கை வைக்கறாங்க. பேந்தர்ஸுக்கும் பேட்ரியாட்ஸுக்கும் 14வது வாரம் லீவு. எங்க லீக்ல ப்ளேஆஃபுக்கு முந்தின கடைசி வாரம் அதுதான், உள்ள போறதா வெளிய போறதான்னு தீர்மானம் ஆகற வாரம். ஹப்பர்டையும் ஹெண்டர்சனையும் சேத்து வச்சிருந்தா அன்னிக்கு ரெண்டு பேரும் இருக்க மாட்டாங்க. கார்டினல்ஸுக்கும் சியாட்டலுக்கும் 8வது வாரம். ஆக கான்னரோட ஹப்பர்ட் சேந்தா ஒருத்தர் லீவுல இன்னொருத்தர் இருப்பாரு.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். கான்னரைக் கீப்பரா வச்சா 52வது பிக்கு போகுது, வெளி மார்க்கெட்ல அவரு விலையும் கிட்டத்தட்ட அதேதான். அப்ப எனக்கு லாபம் ஒண்ணும் இல்ல, அவரு என் கிட்ட இருப்பாருங்கற நிம்மதி மட்டும்தான். ஹப்பர்டை வெளிய விட்டா நாலாவது ரவுண்ட்லயே போயிடுவாரு, அந்த ஆளை நான் 100வது பிக்குக்கு வச்சுக்கலாம், அது அம்பது இடத்துக்கு மேல லாபம். இதுல வாதமே இல்ல, கீப்பர் ஹப்பர்ட்தான். இதை ஒத்துக்கறதுக்கே எனக்கு மூணு நாள் ஆச்சு, ஏன்னா கான்னர் பேரை என் டீம்லேருந்து நானே எடுத்து வெளிய வைக்கணும்.

வெளிய வச்ச கான்னரைத் திரும்ப எடுக்கறது எப்படி? எனக்கு நாலாவது ரவுண்ட்ல 45வது பிக்கு, அஞ்சாவது ரவுண்ட்ல 52வது பிக்கு. நடுவுல ஆறு பிக்கு இருக்கு, ஆனா ஆளுங்க மூணு பேர்தான், 3, 2, 1 ஸ்லாட்காரங்க ஆளுக்கு ரெண்டு. 1ம் ஸ்லாட் அண்ணன் எப்பவும் முதல் மூணு ரவுண்டுலயே ரன்னிங் பேக் ரெண்டு எடுத்து முடிச்சிடுவாரு, அவரால பயம் இல்ல. 2ல இருக்கற தம்பி புது ஆளுங்க மேல பைத்தியம், ஹெண்டர்சன் இருந்தா கண்ணை மூடிட்டு அவரைத்தான் எடுப்பான். 3ல இருக்கறவன்தான் சிக்கல். பிட்ஸ்பர்க்ல டிஷ்யூ பேப்பர்ல எனக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுத்த அதே ரூம்மேட். வில்லனோவா மேட்சுக்கு அவனும் என்னோட வந்தவன். 2020ல கான்னரை எனக்கு முன்னாடி தூக்கினதும் அவன்தான். நேத்து போன்ல "மச்சான், கீப்பர் யாரு, நம்ம ஆளுதானே"ன்னு கேட்டான், குரல்லயே தெரிஞ்சுது, அவனும் கணக்கு போட்டுட்டுதான் கேக்கறான். எனக்கு அடுத்த பிக்கே அவனோடது, 46.

அதனால 52 வரைக்கும் காத்திருக்க மாட்டேன், 45லயே கான்னர். இதுல நான் இழக்கறது என்னன்னு ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். 45ல நான் எடுத்திருக்கக் கூடிய ரிசீவரை, அதாவது எறியற பந்தைப் பிடிக்கற ஆளை, 52ல எடுக்கறேன், அவ்வளவுதான். இந்த வருஷம் அந்த இடத்துல ரிசீவருங்க எல்லாம் ஒரே தரமா வருசையா இருக்காங்க, டிகே மெட்காஃப் போனா டிஜே மூர், அவரும் போனா ஸே ஃப்ளவர்ஸ், 45க்கும் 52க்கும் நடுவுல பெரிய பள்ளம் எதுவும் இல்ல. ஏழு இடம், கான்னருக்காக அதைக் குடுக்கறதுல எனக்கு மனசார சந்தோஷம். நீங்க மேலே படிச்ச விலைக் கணக்குக்கும் இது முரண் இல்ல, நாலாவது ரவுண்ட் கடைசின்னா அது 2019 விலையும் இல்ல, 2022 விலையும் இல்ல. ஆனா மூணாவது ரவுண்ட்ல 28வது பிக்குல எடுப்பியான்னு கேட்டா மாட்டேன். மனசு கேக்கும், இருந்தாலும் மாட்டேன்.

உங்க லீக்ல கீப்பரே இல்ல, எல்லாரும் புதுசா எடுக்கறீங்கன்னா, முதல் மூணு ரவுண்ட்ல ஒரு நல்ல ரன்னிங் பேக் எடுத்துட்டு ரெண்டாவது ஆளா கான்னர் எடுங்க, தைரியமா எடுங்க. முதல் ஆளா அவரையே நம்பி உக்காரணும்னா வேண்டாம், வருஷத்துக்கு ரெண்டு மூணு மேட்ச் இருக்க மாட்டாரு, அதுக்கு உங்க டீம் தாங்கணும். கேட்சுக்குத் தனியா பாயிண்ட் குடுக்காத ஸ்டாண்டர்டு லீக்னா ஹப்பர்ட் ஒரு படி மேல, பிபிஆர்னா கேட்ச் பாயிண்டால கான்னர் கொஞ்சம் ஈடு கட்டுவாரு. அப்புறம் ஹேண்ட்கஃப், அதாவது நம்ம ஆளுக்குக் காயம்னா அவரு இடத்துக்கு வர்றவரையும் எடுத்து வைக்கறது. கான்னர் எடுக்கறவங்க பென்சனையும் எடுத்தே ஆகணும், நான் எடுக்காம விட்ட வருஷங்கள்ல பட்டிருக்கேன். கான்னர் விழுந்தா அந்த வேலை பெரும்பாலும் பென்சனுக்குத்தான் வரும், பத்தாவது ரவுண்ட் பிக்குக்கு அது நல்ல காப்பு. எனக்கு அது 117வது பிக்கு.

ஆக என் பேப்பர்ல இப்ப எழுதியிருக்கறது: 45 கான்னர், 52 இருக்கறதுல நல்ல ரிசீவர், 100 ஹப்பர்ட், 117 பென்சன். இது எல்லாத்துலயும் எனக்கு உறுதி இல்லாதது அந்த 117தான், ஏன்னா ரூம்மேட்டுக்கும் பத்தாவது ரவுண்ட்ல எனக்கு அடுத்த பிக்கு 118, ஆனா ஒன்பதாவது ரவுண்ட்ல அவன் எனக்கு முன்னாடி, 99. கான்னர் கிடைக்காத கோவத்துல அவன் 99லயே பென்சனைத் தூக்குவான்னு எனக்குத் தோணுது. அப்படித் தூக்கிட்டா மர்ரேக்குப் பின்னாடி நிக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் என் கிட்ட, ஒருத்தர் அவன் கிட்ட. செப்டம்பர் 7 நியூ ஆர்லியன்ஸ்ல கார்டினல்ஸோட முதல் மேட்ச், அதைப் பாக்க அவனை வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன், ஹைன்ஸ் ஃபீல்டுக்குப் போட்டுட்டுப் போன அந்த பழைய 24ம் நம்பர் பிட் ஜெர்சியைப் போட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.